பெரிய தலை, குச்சி உடம்பு

எங்கள் வாசகர் வட்டத்தில் மாதாமாதம் ஒரு சிந்தனையாளரைப் பற்றிக் கூட்டம் நடக்கும். அறிவிப்புத் தாளில் போடுவதற்கு அவருடைய முகத்தைப் பென்சிலில் கேரிகேச்சராக, அதாவது முகத்தின் தனி அடையாளங்களை மிகைப்படுத்திய படமாக, வரைந்து தருவது என் பொறுப்பு. அம்பேத்கர், பெரியார், பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர், அரசியல் சிந்தனையாளர் ஹன்னா ஆரன்ட், அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின், அமெரிக்க எழுத்தாளர் தோரோ என்று கோப்பு தடித்துக்கொண்டே போகிறது. படங்களைப் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் ரசிக்கிறார்கள். மீதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இவ்வளவு பெரிய மனுஷங்களை இப்படிக் கோணல்மாணலா வரையலாமா?"

கூட்டம் முடிந்து நாற்காலி மடக்குகிற நேரத்தில் இதற்குச் சரியாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன்.

தொழிலால் நான் கட்டட டிராஃப்ட்ஸ்மேன். மதுரையில் வேலை. ஐடிஐயில் படித்தபோது டிராயிங் போர்டு, டீ ஸ்கொயர், ஊசி முனையாகச் சீவின 2ஹெச் என்ற கடினப் பென்சில் என்று பழகினவன். இப்போது எல்லாம் ஆட்டோகேட் என்ற கணினி மென்பொருள்தான். ஒரு வீட்டுக்கு பிளான், எலிவேஷன், செக்‌ஷன் மூன்றையும் பென்சிலைத் தொடாமலே முடித்துவிடலாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பிளேடால் பென்சில் சீவி கார்ட்ரிட்ஜ் தாளில் ஒரு முகத்தைத் தொடங்கினால்தான் அன்றைக்கு வேலை செய்தது போலிருக்கும். முகம் வரைவதும் எனக்கு அளவு பார்க்கிற வேலைதான். எது எதைவிட எவ்வளவு பெரிது, எது எங்கே தள்ளி நிற்கிறது என்று பார்ப்பது.

கேரிகேச்சர் என்பதே இந்த அளவுக் கணக்குதான். பாரிஸில் 1831இல் சார்ல் ஃபிலிப்போன் என்ற பத்திரிகைக்காரர்மீது அரசன் லூயி-ஃபிலிப்பை அவமதித்ததாக வழக்கு நடந்தது. அவர் நீதிமன்றத்தில் நான்கு முகங்களை வரைந்து காட்டினார். முதல் படம் அரசனின் முகம். இரண்டாவதில் கன்னம் கொஞ்சம் சரிகிறது. மூன்றாவதில் தாடை பருக்கிறது. நான்காவது முழுக்க முழுக்கப் பேரிக்காய். முதல் படத்தைத் தண்டிக்க முடியாது என்றால் அதைப் போலவே இருக்கும் அடுத்ததை எப்படித் தண்டிப்பீர்கள், அப்படியே போனால் பேரிக்காயை எப்படித் தண்டிப்பீர்கள் என்பது அவர் வாதம். தண்டித்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு பாரிஸ் சுவர்களில் பேரிக்காய் வரையாத பையன்கள் கிடையாது என்று ஆகிவிட்டது.

ஃபிலிப்போன் கண்ணால் செய்ததை ரொம்பக் காலம் கழித்து ஒருவர் கணினியில் செய்தார். 1982இல் அமெரிக்காவின் எம்ஐடியில் சூசன் பிரென்னன் கேரிகேச்சர் வரைகிற நிரல் ஒன்றை உருவாக்கினார். அதன் அடிப்படை எளிமையானது. சராசரி முகம் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். வரைய வேண்டிய முகத்தை அதன்மேல் பொருத்திப் பார்க்க வேண்டும். எங்கெங்கே விலகுகிறதோ, அங்கெல்லாம் அந்த விலகலைப் பெருக்க வேண்டும். மூக்கு சராசரியைவிடச் சற்று நீளம் என்றால் இன்னும் நீளம். புருவம் சற்று இறங்கியிருந்தால் இன்னும் இறக்கம். நல்ல கேரிகேச்சரில் ஆளைப் புகைப்படத்தைவிடச் சீக்கிரம் அடையாளம் தெரிகிறதென்றால் காரணம் இதுதான். அவர் மற்றவர்களிடமிருந்து எங்கே வேறுபடுகிறாரோ அது மட்டும் உரக்கச் சொல்லப்படுகிறது.

சரி, அந்தச் சராசரி முகம் யாருடையது?

எனக்கு இந்தக் கலையில் முக்கியமான கேள்வி இதுதான். வெள்ளைக்காரரின் முகத்தைச் சராசரியாக வைத்துக்கொண்டு ஒரு கறுப்பரை வரைந்தால், உதடும் மூக்கும் தோலும் தானாக 'விலகல்' ஆகிவிடும். அவற்றைப் பெருக்கினால் அந்தத் தனி மனிதர் காணாமல்போய் ஓர் இனம்தான் தாளில் நிற்கும். அமெரிக்கப் பத்திரிகைகளில் 19ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் வந்த கறுப்பர் கேலிப்படங்களைப் பாருங்கள், பத்துப் பேரை வரைந்திருந்தாலும் பத்துப் பேருக்கும் ஒரே வாய். வரைந்தவனின் கை திறமையான கைதான். அவன் தலைக்குள் வைத்திருந்த சராசரி தப்பு.

என் சராசரி பெரியார் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறது. திருமங்கலம் பஸ்ஸுக்கும் மேலூர் பஸ்ஸுக்கும் காத்திருக்கிற முகங்களைத்தான் இத்தனை வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கறுத்த தோல், அகன்ற மூக்கு, தடித்த உதடு எல்லாம் அங்கே நடுவில் இருப்பவை. அந்தக் கண்ணோடு ஜேம்ஸ் பால்ட்வினைப் பார்த்தால் மூக்கும் உதடும் ஒன்றும் சொல்வதில்லை. கண் சொல்கிறது. அவருடைய கண்கள்தான் விலகல். பெரிதாக, பிதுங்கி, கீழே கனத்த பைகளோடு, எதிரில் இருப்பவரை விடாமல் பிடித்து நிறுத்துகிற கண்கள்.

அந்தக் கண்களுக்கு ஒரு கதை இருக்கிறது. ஹார்லெமில் சிறுவனாக இருந்தபோது வளர்ப்புத் தந்தை அவரை அசிங்கமான பிள்ளை என்றே சொல்லி வளர்த்தார். குறிப்பாக அந்தக் கண்களைச் சொல்லி. அதே கண்கள் அவர் அம்மாவுக்கும் உண்டு. ஆகவே அந்த வசவு அம்மாவையும் சேர்த்துத்தான் என்பது பையனுக்குப் புரிந்திருந்தது. பிறகு ஒருநாள் சினிமாவில் பெட் டேவிஸைப் பார்க்கிறான். வெள்ளைக்காரி, பணக்காரி, நடிகை. அவளுக்கும் அதே பிதுங்கிய கண். அந்தக் கணம் தனக்குள் என்ன செய்தது என்று சினிமா பற்றிய தன் நூலில் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

இதைப் படித்த பிறகு அந்தக் கண்களை எப்படிப் பெரிதாக்குவது? வளர்ப்புத் தந்தை செய்ததையே பென்சிலால் திரும்பச் செய்வதாகிவிடாதா? நான் வரைவதை நிறுத்திவிட்டு வீடியோ பார்க்கத் தொடங்கினேன். 1965 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜ் யூனியன் என்ற பல்கலைக்கழக விவாத மன்றத்தில் பழமைவாத எழுத்தாளர் வில்லியம் பக்லியோடு பால்ட்வின் நடத்திய விவாதம் முழுசாக இணையத்தில் கிடைக்கிறது. அமெரிக்கக் கனவு கறுப்பரின் செலவில் கட்டப்பட்டது என்பதுதான் தீர்மானம். 544க்கு 164 என்று பால்ட்வின் பக்கம் வாக்கு விழுந்தது. அதை ஒருமுறை ஒலியோடு கேட்டேன். அப்புறம் ஒலியை நிறுத்திவிட்டு முகத்தை மட்டும் பார்த்தேன்.

ஒலி இல்லாமல் பார்க்கும்போதுதான் தெரிந்தது. கண்கள் பெரிதாக இருப்பது பாதிதான். ஒரு வாக்கியத்தைத் தொடங்கும்போது அவை மேலே போகின்றன, கூரையில் எதையோ தேடுவது போல. புருவம் ஏறி நெற்றி முழுக்க வரிவரியாக மடிகிறது. சொல் கிடைத்ததும் கண் கீழே இறங்கி நேராகக் கூட்டத்தின்மேல் விழுகிறது. அந்த இறக்கத்தைத்தான் வரைய வேண்டும் என்று தோன்றியது. பெரிதாக்கினேன், தயங்காமல் பெரிதாக்கினேன். ஆனால் பெரிதாக்கினது கண்ணின் பிதுக்கத்தை மட்டுமில்லை. மேல் இமையின் கனத்தையும் நெற்றியின் மடிப்புகளையும் சேர்த்து. பார்க்கிற முகமாக வந்தது. யாராலும் பார்க்கப்பட்டுக் கூசுகிற முகமாக வரவில்லை.

கறுத்த முகத்தைப் பென்சிலில் வரைவதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இது தாளோடும் காரீயத்தோடும் உள்ள சண்டை. பென்சிலுக்குள் இருக்கும் காரீயம், அதாவது கிராஃபைட், அடுக்கடுக்கான மெல்லிய தகடுகளால் ஆனது. தாளில் தேய்க்கும்போது தகடுகள் வழுக்கிக்கொண்டு வந்து படுத்துக்கொள்கின்றன. அழுத்தித் தேய்த்தால் எல்லாத் தகடும் ஒரே பக்கம் பார்த்துப் படுத்து வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். கருமை வேண்டும் என்று 8பி என்ற மிக மிருதுவான பென்சிலை எடுத்து அழுத்தினால் கருமைக்குப் பதில் வெள்ளிப் பளபளப்புதான் வரும். நேரில் பார்க்கும்போதாவது தலையைச் சாய்த்துப் பார்க்கலாம். ஸ்கேன் செய்தாலோ போன் கேமராவில் எடுத்தாலோ, கன்னத்தில் எண்ணெய் தடவின மாதிரி ஆகிவிடும்.

அதற்கு நான் கண்டுகொண்ட வழி பொறுமைதான். அழுத்தவே கூடாது. கொஞ்சம் சொரசொரப்பான கார்ட்ரிட்ஜ் தாளில் 2பியால் ஒரு படலம், திசையை மாற்றி இன்னொரு படலம், அதன்மேல் 4பி. வழவழப்பான ஐவரி ஷீட் இதற்கு ஆகாது. அது காரீயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. விரலால் தேய்க்கவும் கூடாது, விரலின் எண்ணெய்ப் பசை தாளில் இறங்கி அழியாத கறையாகும். கண்மணி, மூக்குத் துளை, உதடுகள் சேரும் கோடு போன்ற ஆழமான இடங்களுக்கு மட்டும் கார்பன் பென்சில். அது பளபளக்காது. முகத்துக்குப் பின்னால் இருக்கும் தாளை வெறுமையாக விட்டுவிட்டால் நடுத்தரமான சாயலே நல்ல கறுப்பாகத் தெரியும். நெற்றியிலும் மூக்கு நுனியிலும் விழுகிற வெளிச்சத்துக்குப் பிசைகிற ரப்பரைக் கூராக உருட்டி ஒற்றி எடுக்கலாம். காலண்டர் படங்களில் நம் தலைவர்களையெல்லாம் ரோஜா நிறத்தில் வெளுக்க வைத்திருக்கிறார்களே, அதைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவனுக்கு இந்தப் பாடு ஒரு பாடாகவே தெரியாது.

2ஹெச், 4பி என்று இத்தனை வகை வந்ததே ஒரு போரால்தான். இங்கிலாந்தின் பாரோடேல் சுரங்கத்தில் கிடைத்த காரீயம் அறுத்துக் குச்சியாக்கும் அளவுக்குச் சுத்தமானது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் நடந்த போரில் அது பிரான்ஸுக்கு வருவது நின்றது. நிக்கோலா-ழாக் கோன்டே என்பவர் காரீயப் பொடியைக் களிமண்ணோடு பிசைந்து சூளையில் சுட்டார். களிமண் கூடினால் கடினம், குறைந்தால் மிருது, கருமை. 1795இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய பென்சில்கள் அந்த வழியில் வந்தவை. இந்தக் களிமண் சேர்மானத்தை அமெரிக்காவில் தன் அப்பாவின் பென்சில் பட்டறையில் முயன்று தரத்தை உயர்த்தினவர் யார் தெரியுமா? ஹென்றி டேவிட் தோரோ. வரி கட்ட மறுத்து 1846இல் ஓர் இரவு சிறையில் இருந்த அதே தோரோ. அவரைப் பென்சிலில் வரையும்போது எனக்கு ஒரு தனிச் சந்தோஷம் இருந்தது. நீண்ட மூக்கு, தாடைக்குக் கீழே மட்டும் படர்ந்த தாடி. எங்கள் பக்கத்திலும் காரீயம் உண்டு. சிவகங்கையில் தமிழ்நாடு அரசின் டாமின் நிறுவனம் தோண்டி எடுக்கிறது. அது பெரும்பாலும் உலைச் செங்கலுக்கும் உலோகம் உருக்கும் மூசைக்கும் போகிறது. என் அம்மாவின் ஊர் அந்தப் பக்கம்தான். செம்மண்ணுக்கு நடுவே வழியில் சாம்பல் கறுப்பாகக் குவிந்து கிடக்கும்.

உடம்புக்கு வருகிறேன். தலைப்புக்குக் காரணம் அதுதான்.

கேரிகேச்சர் என்றாலே பெரிய தலையும் குச்சி உடம்பும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டு பிரான்ஸில் ஆந்த்ரே ஜில் இதைப் பத்திரிகை அட்டைகளில் பரப்பினார். பிற்பாடு நியூயார்க்கில் டேவிட் லெவைன். 1963இல் தொடங்கிய ஒரு புத்தக விமர்சனப் பத்திரிகைக்காகப் பல பத்தாண்டுகள் எழுத்தாளர்களையும் தத்துவவாதிகளையும் பேனா மையில் வரைந்தார். குறுக்கும் நெடுக்குமாக நுணுக்கமான கோடுகள், பூசணி போன்ற தலை, அதற்குக் கீழே பொம்மை உடம்பு. லெவைன் பெரிய கலைஞர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பொம்மை உடம்பை அப்படியே எடுத்து எல்லோர்மேலும் மாட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

எனக்குப் பிடித்தவர் டேவிட் லோ. நியூசிலாந்தில் பிறந்து லண்டனில் வேலை செய்தவர். ஹிட்லரையும் முசோலினியையும் கிழித்த கார்ட்டூன்களுக்காகத்தான் அவரைத் தெரியும். ஆனால் 1920களிலும் 30களிலும் நியூ ஸ்டேட்ஸ்மன் பத்திரிகைக்காக எழுத்தாளர்கள் ஷா, வெல்ஸ், பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் போன்றவர்களைத் தனித்தனியாக வரைந்திருக்கிறார். அவருடைய பென்சில் குறிப்புப் படங்கள் பல லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியில் இருக்கின்றன. 1933இல் வந்த கெய்ன்ஸ் படத்தைப் பாருங்கள். ஆழமான சாய்வு நாற்காலியில் புதைந்து கிடக்கிறார். உடம்பு சின்னதாகவில்லை. அந்த உட்காருதலே ஆளைச் சொல்லிவிடுகிறது. ஒரு மனிதர் யோசிக்கும்போது உடம்பை எங்கே வைத்துக்கொள்கிறார் என்று லோ பார்த்திருக்கிறார். தலையை மட்டும் ஊதிக் காட்டுகிறவனுக்கு அது கிடைக்காது.

இந்த உடம்பு விஷயம் நமக்கு வெறும் பாணி இல்லை. 1949 ஆகஸ்டில் கார்ட்டூனிஸ்ட் சங்கர் தன் வாரப் பத்திரிகையில் ஒரு கார்ட்டூன் போட்டார். அரசியலமைப்புச் சட்டம் ஒரு நத்தை. அதன்மேல் அம்பேத்கர் சாட்டையோடு உட்கார்ந்திருக்கிறார். பின்னால் நேரு இன்னொரு சாட்டையை ஓங்கியிருக்கிறார். சுற்றிலும் கூட்டம் வேடிக்கை பார்க்கிறது. 2006இல் மத்திய அரசின் பாடநூல் நிறுவனமான என்சிஇஆர்டி அந்தப் படத்தைப் பதினோராம் வகுப்புப் பாடநூலில் சேர்த்தது. 2012 மே மாதம் தொல். திருமாவளவன் அதை நாடாளுமன்றத்தில் எழுப்ப, பெரிய கொந்தளிப்பாகி, அரசு அந்தப் படத்தை நீக்குவதாக அறிவித்தது. பாடநூல் ஆலோசகர்களாக இருந்த யோகேந்திர யாதவும் சுகாஸ் பால்சிகரும் பதவி விலகினார்கள். பால்சிகரின் அலுவலகம் அடித்து நொறுக்கப்பட்டது. அந்த வன்முறையை நான் ஒப்பவில்லை.

அப்போது நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசினோம். ஒரு கட்சி, "கார்ட்டூனைக் கார்ட்டூனா பாக்கணும்" என்றது. நான் வரைகிறவன் என்பதால் அந்தக் கட்சியில்தான் இருப்பேன் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நான் படத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். நேருவுக்கும் அம்பேத்கருக்கும் முகத்தில் செய்திருக்கும் மிகைப்படுத்தல் ஒரே அளவுதான். வித்தியாசம், யாரை எங்கே வைத்திருக்கிறார் என்பதில். ஒரு தலித்தின் முதுகுக்குப் பின்னால் ஒரு பிராமணர் சாட்டை ஓங்குகிறார், கூட்டம் சிரிக்கிறது. வரைந்தவர் அப்படி நினைக்காமலே வரைந்திருக்கலாம். ஆனால் சாட்டைக்கு இந்த நாட்டில் ஒரு சரித்திரம் இருக்கிறது. பின்னாளில் கார்ட்டூனிஸ்டும் ஆய்வாளருமான உன்னமதி சியாம சுந்தர் 1932 முதல் 1956 வரை ஆங்கிலப் பத்திரிகைகளில் வந்த அம்பேத்கர் கார்ட்டூன்களைத் தேடித் தொகுத்தார். வரிசையாகப் பார்த்தால் மனசு கனத்துவிடும். எத்தனை படத்தில் அந்த மனிதரைக் குள்ளமாக்கியிருக்கிறார்கள்! சிறுபிள்ளையாக, பெண்ணாக, மூலையில் நிற்பவராக.

அதனால் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். யாரையெல்லாம் ஏற்கெனவே சமூகம் குறுக்கி வரைந்திருக்கிறதோ, அவர்களுக்கு என் தாளில் உடம்பு குறையாது. அம்பேத்கருக்கு நெற்றியை விரிக்கிறேன். கண்ணாடியின் வட்டத்தைக் கூட்டுகிறேன். கன்னத்தின் கனம் கழுத்தில் இறங்குவதைக் கூட்டுகிறேன். கடைசி ஆண்டுகளின் படங்களில் சர்க்கரை நோயும் கால்வலியும் சேர்ந்து முகத்தைக் கீழே இழுப்பது தெரியும், அதையும் விடுவதில்லை. ஆனால் தோள், தோளாக இருக்கிறது. கோட்டின் தோள்பட்டை தாளின் இரண்டு விளிம்பையும் தொடுகிறது. பைக்குள் பேனாக்கள். அவருக்குப் பேனா என்றால் உயிர். பார்க்கிறவர்கள் கேரிகேச்சர் என்று உடனே சொல்கிறார்கள். சின்னதாக்கப்பட்டிருக்கிறார் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை.

பெரியாரிடம் பிரச்சினை நேர்மாறு. ஒரு விழாவுக்காக அவர் படம் கேட்டிருந்தார்கள். வரைந்து கொண்டுபோனேன். "மூக்கைக் கொஞ்சம் சின்னது பண்ணிக் கொடுங்க சார். முகத்துல அந்தச் சுருக்கமெல்லாம் வேணாம். அமைதியா, சிரிச்ச மாதிரி இருக்கட்டும்" என்றார்கள். எனக்கு நெஞ்சு அடைத்துப்போனது. தன்னோடு படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்களிடம் கட்டணம் கேட்டு வாங்கி இயக்கத்தில் சேர்த்த மனிதர் அவர். தன் உருவத்தைக் கும்பிட வேண்டிய பொருளாக ஒருநாளும் நினைக்காதவர். அவருக்கே சாமி முகம் கேட்கிறார்கள். சுருக்கமில்லாத, மூக்கு அடங்கின, யாரையும் எதுவும் கேட்காத முகம். அந்த முகத்தைப் பார்த்து மாலை போடலாம். எதிர்த்து ஒரு கேள்வி கேட்கத் தோன்றாது. அவர் வாழ்நாள் முழுக்க வேண்டினது அந்தக் கேள்வியைத்தான். நான் வரைந்ததை வரைந்தபடியே வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் திருப்பிக் கொடுங்கள் என்றேன். திருப்பிக் கொடுத்தார்கள்.

அந்தப் படத்தை வாசகர் வட்டக் கூட்டத்தில் மாட்டினோம். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கறுப்புச் சட்டையோடு ஒரு பெரியவர் வந்திருந்தார். எண்பதுக்கு மேல் இருக்கும். படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். நான் பக்கத்தில் போனேன்.

"தம்பி, நீதான் வரைஞ்சியா?"

"ஆமாங்கய்யா."

"ஐயா மூக்கு இதைவிடப் பெரிசு. நான் வேனுக்குக் கீழ நின்னு பாத்தவன். மைக்குக்கு முன்னாடி மொதல்ல வர்றதே அதுதான்."

"அப்ப பெரிசாக்கிரலாங்கய்யா."

"பெரிசாக்கு. இன்னொண்ணு, கடைசி வருசமெல்லாம் பேசிக்கிட்டே இருக்கும்போது வலி வந்திரும். 'அம்மா, அம்மா'ம்பாரு. கூட்டமே மூச்சு விடாது. அப்புறம் விட்ட எடத்துல இருந்து திரும்ப ஆரம்பிப்பாரு. ஒரு வார்த்தை தவறாது. முடிஞ்சா அதை வரை."

1973 டிசம்பர் 19 அன்று சென்னை தியாகராய நகரில் பேசியதுதான் அவருடைய கடைசிப் பேச்சு. ஐந்து நாளில் வேலூரில் இறந்தார். அந்தப் பேச்சின் அச்சுப் பிரதியிலும் வலியில் முனகின இடங்கள் உண்டு. வலிக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் இருக்கிற முகம் எப்படியிருக்கும்? தாடிக்குள் வாய் பாதி திறந்திருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் கண் இறுகியிருக்கும். ஆனால் கன்னத்தில் பேச்சின் விசை இன்னும் அடங்கியிருக்காது. மையில் இதைச் செய்வது கடினம். மையால் போட்ட கோடு இருக்கும் அல்லது இருக்காது. பென்சிலில் ஒரு கோட்டைத் தொடங்கிப் பாதியில் மெலித்து நிறுத்திவிடலாம். உதட்டின் மேல்கோட்டை 4பியால் தொடங்கித் தாடி ரோமத்துக்குள் கரைய விட்டேன். கீழ்க்கோட்டைப் போடவே இல்லை. மூக்கை அவர் சொன்ன அளவுக்குக் கொண்டுபோனேன். என்னிடம் இருக்கும் படங்களில் நான் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பது இது ஒன்றுதான்.

சார்த்தரின் கண்ணைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். சிறு வயதிலேயே வலது கண் பார்வை ஏறக்குறையப் போய், அந்தக் கண் வெளிப்பக்கமாக விலகிவிட்டது. அவரை வரைகிற யாரும் முதலில் பாய்வது அந்த மாறுகண்மேல்தான். நான் அதை மறைப்பதில்லை. மறைத்தால் அது சார்த்தரே இல்லை. பிறர் நம்மைப் பார்க்கும் பார்வை நம்மை என்ன செய்கிறது என்று 1943இல் பக்கம் பக்கமாக எழுதின மனிதர் இரண்டு திசையில் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு வேடிக்கையாகப் படவில்லை. இடது கண்ணைக் கூர்மையாகவும் அழுத்தமாகவும் வரைந்தேன். வலது கண்ணை ஹெச்பியில் மெதுவாக, கிட்டத்தட்ட மூடுபனியாக விட்டேன். 1973 வாக்கில் அந்த நல்ல கண்ணும் போய் அவரால் படிக்கவோ எழுதவோ முடியாமல் ஆனது. அந்த வயதின் முகத்தை இன்னும் நான் தொடவில்லை.

ஹன்னா ஆரன்ட்டை வரையும்போது வேறு ஒரு தொந்தரவு. பெண்களுக்குக் கேரிகேச்சர் போடுகிறபோது ஒன்று பயந்து அழகாக்கிவிடுகிறார்கள், இல்லையென்றால் சூனியக்காரி ஆக்கிவிடுகிறார்கள். நடுவில் ஓர் இடம் இருப்பதே பலருக்குத் தெரியாது. 1964இல் ஜெர்மன் தொலைக்காட்சியில் குந்தர் கவுஸுக்கு அவர் கொடுத்த பேட்டியைப் பாருங்கள். கையில் சிகரெட், கேள்வி முடிந்ததும் ஒரு சின்ன நிறுத்தம், கனத்த இமைகள். பதில் வருவதற்கு முன்பே வாயோரம் ஒரு பக்கமாக இழுபடுகிறது. அந்த வாயோரம்தான் என் படம் முழுக்க. அமர்த்தியா சென்னுக்கு நெற்றி, பிரெஞ்சுத் தத்துவவாதி ஃபூக்கோவுக்கு மொட்டைத் தலையில் தாளை அப்படியே வெள்ளையாக விட்ட இடம். இவையெல்லாம் எளிதாக வந்தவை, சொல்ல அதிகம் இல்லை.

இப்போது மேசையில் இருப்பவர் அயோத்திதாசப் பண்டிதர். அடுத்த கூட்டம் அவரைப் பற்றி. 1845இல் பிறந்து 1914இல் மறைந்தவர், சித்த மருத்துவர். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையைத் தொடங்கியவர். 2005இல் அஞ்சல் தலை வந்தது. ஆனால் நம்மிடையே புழங்குகிற படம் என்று பார்த்தால் மிகச் சொற்பம். அதுவும் அச்சிலிருந்து அச்சு எடுத்து மங்கிப்போனவை. பால்ட்வினுக்கு வீடியோ இருந்தது. பெரியாருக்கு, வேனுக்குக் கீழே நின்று பார்த்த ஒரு பெரியவர் இருந்தார். பண்டிதர் பேசும்போது புருவம் என்ன செய்தது, சிரிக்கும்போது கன்னம் எங்கே மடிந்தது என்று சொல்ல இன்றைக்கு யாரும் இல்லை.

எனவே அவருடைய எழுத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். கேள்வி கேட்கிறவர்களுக்குப் பத்திரிகையில் அவர் பதில் சொல்கிற தோரணை, ஒரு சொல்லைப் பிடித்து அதன் வேர்வரை தோண்டுகிற பிடிவாதம், எதிராளியை விடாமல் துரத்துகிற நீண்ட வாக்கியங்கள். இவற்றிலிருந்து ஒரு முகத்தின் அசைவை ஊகிக்க முடியுமா என்று பார்க்கிறேன். இதுவரை நெற்றிக்கும் மீசைக்கும் மட்டும் மெல்லிய 2ஹெச் கோடு போட்டிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பழைய மலர்களிலோ நினைவிதழ்களிலோ அவருடைய தெளிவான படம் ஏதாவது இருந்தால் ஸ்கேன் செய்து அனுப்புங்கள். எவ்வளவு மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.